லோகோவுக்கு ஒரு லோகோ

"நம்ம குழுவுக்கு புது லோகோ வருது, ரெண்டு வாரத்துல காட்டுறேன்"னு ஒரு மெசேஜ் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல வந்த முதல் பதில்: "எந்த ஷெட்?" அடுத்தது: "டீசலா எலக்ட்ரிக்கா?" மூணாவதா ஒருத்தர் குதிரைத்திறன் எவ்வளவுன்னு கேட்டிருந்தாரு. தப்பு என்னோடதுதான், ரயில் வெறியர்கள் கூடுற இடத்துல தமிழ்ல லோகோன்னு எழுதினா அது எஞ்சின்தான், சின்னம்னு யாருக்குத் தோணும். அன்னைக்கே "சின்னம்"னு எழுதிப் பழகியிருக்கணும், பழகல, அதனால இந்தக் கட்டுரை முழுக்க எங்கெல்லாம் லோகோன்னு வருதோ அங்கெல்லாம் எதைச் சொல்றேன்னு நீங்களே இடம் பார்த்து புரிஞ்சுக்கோங்க.

பழைய லோகோ எப்படி இருந்துச்சுன்னா, ஒரு நீராவி எஞ்சின், பக்கவாட்டுல, மேல பெரிய புகை, புகைக்குள்ள வளைவா குழுவோட பேரு, கீழ தண்டவாளம், தண்டவாளத்துக்குக் கீழ ஆரம்பிச்ச வருஷம். பல வருஷம் முன்னாடி யாரோ ஒரு ராத்திரியில செஞ்சு போட்டது, அந்தப் படம் எங்கேர்ந்து எடுத்ததுன்னு போட்டவருக்கே இப்ப ஞாபகம் இல்ல. கம்ப்யூட்டர்ல பார்த்தவரைக்கும் பிரச்சனை இல்லாம ஓடுச்சு. போன்ல ப்ரொஃபைல் படம் வட்டமா வெட்டுப்பட ஆரம்பிச்சதும் எஞ்சினோட மூக்கும் வாலும் போயிடுச்சு, நடுவுல புகை மட்டும் நின்னுச்சு. புதுசா சேர வந்த ஒரு பையன் இது சமையல் குழுவான்னு கேட்டான். அதுக்கப்புறம்தான் மாத்தலாம்னு முடிவாச்சு. எனக்கு பொழப்பே டிசைன், லேஅவுட் வேலைங்கிறதால வேலை என் தலையில விழுந்துச்சு, நானும் இது என்ன, ரெண்டு வாரம்னு நினைச்சேன். நாலு மாசம் ஆச்சு.

முதல்ல எல்லாரும் செய்றதைத்தான் செஞ்சேன், ரயில்வேக்களோட சின்னங்களை எல்லாம் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறைச்சுது. நல்ல ரயில்வே சின்னங்கள்ல பாதிக்கு மேல ரயிலே கிடையாது. லண்டன் பாதாள ரயிலோட வட்டமும் குறுக்குப் பட்டையும் 1908லேர்ந்து இருக்கு, அதுல சக்கரமோ எஞ்சினோ ஒண்ணும் இல்ல. 1965ல வந்த பிரிட்டிஷ் ரயிலோட ரெட்டை அம்பு, ரெண்டு தண்டவாளக் கோடு, அதுல ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் அம்பு, அவ்வளவுதான். அதை வரைஞ்ச ஜெர்ரி பார்னி, வேலைக்குப் போற வழியில ரயில்ல உக்காந்துகிட்டு ஒரு கவரோட பின்பக்கத்துல கிறுக்கினதுன்னு சொல்லியிருக்காரு. கனேடியன் நேஷனலோடது இன்னும் மோசம், அதாவது இன்னும் அழகு. ஆலன் ஃப்ளெமிங் 1960ல சி, என் ரெண்டு எழுத்தையும் ஒரே தடிமன்ல நிக்காம ஓடுற ஒத்தைக் கோடா இழுத்து விட்டாரு, இன்னைக்கும் அதே கோடுதான் வண்டிமேல போய்க்கிட்டு இருக்கு.

ஆனா இதை எல்லாம் பார்த்து நாம காப்பியடிக்க முடியாது, சட்டப்படியும் முடியாது (அந்த ரெட்டை அம்புக்கு பிரிட்டன் போக்குவரத்து அமைச்சர் பேர்லயே டிரேட்மார்க் இருக்கு), அதைவிட முக்கியமா நம்ம தேவையே வேற. ரயில்வே கம்பெனிக்கு "இது எங்க வண்டி"ன்னு சொன்னாப் போதும், அதுதான் வண்டிமேலயே ஒட்டப்போகுதே, அதுல தனியா எதுக்கு இன்னொரு ரயில் வரையணும். வேடிக்கை பார்க்கிறவனுக்கு சொந்த வண்டி கிடையாது. அவன்கிட்ட இருக்கிறது பிரியம் மட்டும்தான், அதுவும் ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு எஞ்சின்மேல.

இன்னொரு பயமும் இருந்துச்சு. ரயில் ரசிகர்கள் சின்னங்களுக்குப் பட்டப்பேர் வைக்கிறதுல கெட்டிக்காரங்க. அந்த ரெட்டை அம்பை, எந்தப் பக்கம் போறதுன்னு முடிவெடுக்க முடியாத அம்புன்னு கிண்டல் பண்ணாங்க, சில பேருக்கு அது முள்வேலி. அமெரிக்காவோட பயணிகள் ரயில் கம்பெனி ஆம்ட்ராக்குக்கு 1971ல வந்த தலை மழுங்கின அம்புக்கு பாயிண்டே இல்லாத அம்புன்னு பேரு, முனையும் இல்ல, அர்த்தமும் இல்ல. இதுக்கெல்லாம் உச்சம் 80கள்ல அமெரிக்காவுல நடந்தது. சதர்ன் பசிஃபிக், சான்டா ஃபே ரெண்டு ரயில்வேயும் ஒண்ணா சேரப்போறோம்னு அவசரப்பட்டு எஞ்சின்களுக்கு சிவப்பு மஞ்சள்ல புது பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சாங்க. அனுமதி வந்ததும் சேர்த்து எழுதிக்கலாம்னு சதர்ன் பசிஃபிக் வண்டிகள்ல எஸ்பின்னு எழுதி எஸ்எஃப்புக்கு இடம் விட்டாங்க, சான்டா ஃபே வண்டிகள்ல எஸ்எஃப்னு எழுதி எஸ்பிக்கு இடம் விட்டாங்க. 1986ல அரசாங்க ஆணையம் இணைப்பை நிராகரிச்சுடுச்சு. பாதி எழுதின வண்டிங்க பாதி பேரோடவே ஓடுச்சு. எஸ்பிஎஸ்எஃப்னா "Shouldn't Paint So Fast", அதாவது "இவ்வளவு வேகமா பெயின்ட் அடிச்சிருக்கக் கூடாது"ன்னு ரசிகர்கள் அந்த நாலெழுத்துக்கு விரிவாக்கம் கண்டுபிடிச்சாங்க. இப்படிப்பட்ட ஜனங்களுக்குத்தான் நான் லோகோ வரையப்போறேன்.

முதல் வரைவு நீராவிதான். வேற என்ன. பல நாட்டுல லெவல் கிராசிங் போர்டுல இன்னைக்கும் புகை விடுற எஞ்சின்தானே இருக்கு, அந்தத் தண்டவாளத்துல நீராவி எஞ்சின் கடைசியா ஓடி எத்தனையோ காலம் ஆகியிருந்தாலும். பசிஃபிக்ங்கிற வகை எஞ்சினை, சக்கரக் கணக்குல 4-6-2, பக்கவாட்டுல எளிமைப்படுத்தி வரைஞ்சேன். முன்னாடி நாலு சின்னச் சக்கரம், நடுவுல ஆறு பெருசு, பின்னாடி ரெண்டு, ஒரு பக்கத்துலேர்ந்து பார்க்கிறதால அதுல பாதி பாதிதான் தெரியும். அழகாத்தான் வந்துச்சு. போட்டேன். சிலிண்டருக்குள்ள நீராவியை அளந்து விடுற வால்ஷார்ட்ஸ் வால்வு கியர்ல ஒரு கம்பி காணோம்னு ஒருத்தர். சிலிண்டர் முதல் பெரிய சக்கரத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குன்னு ஒருத்தர். இது எந்த கிளாஸ், அதாவது எந்த மாடல்னு கேட்டவரு எந்த கிளாஸும் இல்ல பொதுவா ஒரு எஞ்சின்னு நான் சொன்னதும் அப்படி ஒரு எஞ்சின் உலகத்துல கிடையாதேன்னாரு. யோசிச்சா அவரு சொன்னது சரி. பொதுவான எஞ்சின்னு ஒண்ணு கிடையாது. நான் எதை வரைஞ்சாலும் அது யாரோ ஒருத்தரோட எஞ்சின், இல்லைன்னா யாரோடதும் இல்லாத தப்பான எஞ்சின்.

சரின்னு எலக்ட்ரிக் வரைஞ்சா டீசல்காரங்க கோவிச்சுக்கிட்டாங்க. டீசல் வரைஞ்சா, கூரைமேல நின்னு கரன்ட் எடுக்கிற பேன்டோகிராஃப் எங்கன்னு எலக்ட்ரிக்காரங்க. புல்லட் ரயில் மூக்கு போட்டுப் பார்த்தேன், 1964ல வந்த முதல் ஷின்கான்சென்னோட உருண்டை மூக்கு, அது ஏதோ பயண ஏஜென்ட் விளம்பரம் மாதிரி ஆயிடுச்சு. வண்டியை நேர் முன்னாடிலேர்ந்து வரைஞ்சா ரெண்டு ஹெட்லைட் ரெண்டு கண்ணு, கீழ இடி தாங்குற பஃபர் கன்னம் மாதிரி, சிரிக்கிற மூஞ்சி. குழந்தைங்க சேனல்.

எஞ்சினே வேண்டாம்னு தண்டவாளத்துக்கு வந்தேன். ரெண்டு கோடு தூரத்துல போய்ச் சேருது, நடுவுல ஸ்லீப்பர் கட்டைகள். உலகத்துல ரயில்னு பேர் வச்சிருக்கிற முக்கால்வாசி லோகோ இதுதான், அதுவே போதும் இதை விடுறதுக்கு, இருந்தாலும் ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். பெருசா பார்த்தா தண்டவாளம். சின்னதாக்கினா ஏணி. இன்னும் சின்னதாக்கினா கொசுவலை. அப்புறம் கைகாட்டி சிக்னல். எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவம், ஒரு கம்பம் ஒரு கை, இதைவிடச் சுருக்கமா எதையும் வரைய முடியாது. கை கீழ இறங்கினா போகலாமா மேல ஏறினா போகலாமாங்கிற சண்டை எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ரெண்டு வகையும் உண்டு, ரெண்டும் சரி, எங்க ரெண்டு சீனியர்களுக்குள்ள மூணு நாள் பேச்சே இல்ல.

இதுக்கு நடுவுல ஒரு தம்பி, ஏஐல நாப்பது படம் செஞ்சு கொட்டிட்டாரு. பளபளன்னுதான் இருந்துச்சு. ஒண்ணுல பெரிய சக்கரம் அஞ்சு, அதுல ஒண்ணு தண்டவாளத்தையே தொடல. இன்னொண்ணுல தண்டவாளம் மூணு கோடா வந்து தூரத்துல ரெண்டாச்சு. மூணாவது கோடு கரன்ட் வர்ற தண்டவாளம்னு சமாளிச்சாரு, பாவம், அப்ப அது எங்க போய் முடியுதுன்னு கேட்டதும் ஆஃப்லைன் போயிட்டாரு.

என்னோட அனுபவத்துல ஒண்ணு சொல்றேன், இதே வேலை உங்களுக்கு வந்தா கேட்டுக்கோங்க: ஓட்டெடுப்பு நடத்தாதீங்க. நான் நடத்தினேன். ஆறு வரைவு, ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டு. எது பிடிச்சிருக்குன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க எஞ்சினுக்குத்தான் குத்துவாங்க. எது தப்புன்னு கேட்டாத்தான் உருப்படியான பதில் வரும், ரயில் ரசிகர்கள்கிட்ட தப்பு கேட்டு வாங்குறது அருவிக்குக் கீழ குடத்தை வைக்கிற மாதிரி.

வழி காட்டினது குழுவுல இருக்கிற ஒரு பெரியவர். வேலையில இருந்த காலம் முழுக்க பெட்டிகளுக்கு அடியில போய் சோதிக்கிற வேலை பார்த்தவரு, எஞ்சின் சண்டையில கலந்துக்கவே மாட்டாரு. ஒரு நாள் தனியா போன் பண்ணி, "தம்பி, நீங்க எல்லாரும் பிளாட்ஃபாரத்துலேர்ந்து பாக்குறீங்க. பிட் லைன்ல, வண்டிக்கு அடியில இருக்கிற குழியில இறங்கி நின்னு அண்ணாந்து பாருங்க, ராஜா வண்டியும் குப்பை வண்டியும் ஒண்ணாத்தான் தெரியும்"னாரு. என்ன சார் தெரியும்னு கேட்டேன். "ஒரு ஆக்சில், ரெண்டு சக்கரம், ரெண்டு தண்டவாளம்"னு சொல்லிட்டு வேற ஏதோ பேசப் போயிட்டாரு.

அன்னைக்கு ராத்திரியே வரைஞ்சேன். நேர் முன்னாடிலேர்ந்து பார்க்கிற மாதிரி, கீழ ரெண்டு தண்டவாளம் வெட்டுமுகத்துல, அதுமேல ரெண்டு சக்கரம், நடுவுல ஆக்சில் கம்பி. நீராவி, டீசல், எலக்ட்ரிக், சரக்கு, மெட்ரோ எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது இதுதான். இதுல இன்னொரு அழகு இருக்கு, வரையும்போதுதான் நானே ஒழுங்கா படிச்சேன். ரயில் சக்கரம் உருளை இல்ல, கூம்பு. உள்பக்கம் விட்டம் கொஞ்சம் பெருசு, வெளிப்பக்கம் கொஞ்சம் சிறுசு, 20க்கு 1ங்கிற மாதிரி சரிவு. வளைவுல வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கினா வெளிச் சக்கரம் பெரிய விட்டத்துலயும் உள்சக்கரம் சின்ன விட்டத்துலயும் உருளும். ரெண்டும் ஒரே ஆக்சில்ல இறுகி இருக்கிறதால வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடி, வண்டி தானா வளைஞ்சுக்கும். சக்கரத்தோட உள் ஓரத்துல துருத்திக்கிட்டு இருக்கிற விளிம்பு, அந்த ஃபிளாஞ்சுதான் வண்டியைப் பிடிச்சு வைக்குதுன்னு நான் இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன். சாதாரணமா ஓடும்போது அது பெரும்பாலும் தண்டவாளத்தை உரசுறதே இல்ல. வழியைப் பார்த்துக்கிறது அந்தச் சரிவுதான், ஃபிளாஞ்சு கடைசிக் காவல்.

இவ்வளவும் படிச்சுட்டு வரைஞ்சு, பெருமையா ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டேன். காலையில எழுந்து பார்த்தா நூத்திச் சொச்சம் மெசேஜ். உள்பக்கம் இருக்க வேண்டிய ஃபிளாஞ்சை வெளிப்பக்கம் வரைஞ்சிருக்கேன். இடது பக்கச் சக்கரத்தை வரைஞ்சு காப்பி பண்ணி கண்ணாடி மாதிரி திருப்பும்போது ரெண்டும் இடம் மாறிடுச்சு, இடது வலதாச்சு, வலது இடதாச்சு, தூக்கத்துல கவனிக்கல. "இந்த வண்டி தடம் பிரியுற முதல் பாயிண்ட்லயே ஊருக்குள்ள போயிடும்"னு ஒருத்தர். "ஆபீஸர், விபத்து அறிக்கையை நானே எழுதித் தரேன்"னு ஒருத்தர். பெரியவர் மட்டும் ஒண்ணும் எழுதல, ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தாரு, நிஜச் சக்கரம், ஃபிளாஞ்சுமேல சுண்ணாம்புல ஒரு அம்புக்குறி. அவ்வளவு கிண்டலுக்கு நடுவுலயும் ஒண்ணு கவனிச்சேன், எந்த கிளாஸ்னு யாரும் கேக்கல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இதுதான்.

எதிர்ப்பு வராம இல்ல. ஜெர்மனியில வூப்பர்டால்ல 1901லேர்ந்து ஓடுற தொங்கு ரயில் இதுல எங்க வரும்னு ஒரு கேள்வி, அதுக்கு ஒத்தைத் தண்டவாளம், வண்டி அதுலேர்ந்து கீழ தொங்குது. வராதுங்க, மன்னிச்சுக்கோங்கன்னேன். ஷாங்காய்ல காந்தத்துல மிதக்கிறது? அதுக்கு சக்கரத்துக்கே வேலை இல்லைன்னா சக்கர லோகோ எப்படி வரும். பாரிஸ் மெட்ரோல ரப்பர் டயர் ஓடுதேன்னு கேட்டவருக்கு மட்டும் பதில் கையில இருந்துச்சு. ரப்பர் டயருக்குப் பக்கத்துலயே ஃபிளாஞ்சு வச்ச இரும்புச் சக்கரமும் உண்டு, டயர் காத்துப்போனா அது தண்டவாளத்துல உக்காந்துக்கும், பாயிண்ட்ல வழி காட்டுறதும் அதுதான். அவரு ஒரு கட்டைவிரல் போட்டுட்டு போயிட்டாரு. வாழ்க்கையில ஜெயிச்ச ஒரே ரயில் விவாதம்.

இனிமே கைவேலை. பிரவுசர் டேப்ல வர்ற சின்னப் படம் 16க்கு 16, மொத்தம் 256 புள்ளி, அதுக்குள்ள ரெண்டு சக்கரம் ரெண்டு தண்டவாளம் ஒரு கம்பி. வட்டமா வெட்டினா சதுரத்தோட பரப்புல 21 சதவீதத்துக்கு மேல மூலைகளோட போயிடும். தண்டவாளத்தோட அடிப்பாகம் அகலமா மூலைக்குப் போறதால அதான் முதல்ல வெட்டுப்பட்டுச்சு. அதனால தண்டவாளத்தோட இடுப்பைக் குறுக்கி, அடியைச் சுருக்கி, தலையை மட்டும் தடியா விட்டேன். கூம்புச் சரிவு 20க்கு 1 போட்டா கண்ணுக்கே தெரியாது, 6க்கு 1 போட்டிருக்கேன், இது பொய்தான், தெரிஞ்சே சொன்ன பொய். எந்த அளவுக்கும் பெருசாக்கக்கூடிய எஸ்விஜி ஃபைலா ஒண்ணு, ஒத்தை நிறத்துல ஒண்ணு, டார்க் மோடுக்குத் தலைகீழா ஒண்ணு. ஒரு நிறம் இன்னொண்ணா மெல்ல மாறுற கிரேடியன்ட் கிடையாது, தொப்பியில நூல்ல தைக்கும்போது கிரேடியன்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

எழுத்துல சிக்கினதுதான் பெரிய கதை. குழுவோட பேர்ல அந்தச் சொல் இருக்கு, அதை எப்படி எழுதுறதுன்னு. ரயில்னுதான் எல்லாரும் எழுதுறோம். ர சொல்லுக்கு முதல்ல வராது, இலக்கணப்படி இரயில்னாரு ஒரு வாத்தியார். சில பத்திரிகை ரெயில்னு போடுது. தொடர்வண்டின்னு ஒரு அணி. புகைவண்டின்னு யாரும் சொல்லல, பழைய லோகோவோட புகை எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு போல. நான் ரயில் பக்கம், காரணம் இலக்கணம் இல்ல. ர, யி, ல் மூணே எழுத்து, கடைசியில ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எனக்கு வேணும். எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916ல லண்டன் பாதாள ரயிலுக்கு எழுத்து வடிவமைச்சப்போ ஐ, ஜே மேல வர்ற சின்னப் புள்ளியை வைர வடிவத்துல வச்சாரு, நூறு வருஷம் கழிச்சும் அந்தப் புள்ளியைப் பார்த்தாலே லண்டன் ஞாபகம் வருது. ஒத்தைப் புள்ளிக்கு அவ்வளவு பலம். நமக்கு ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் தலைக்கு மேல ஒண்ணு இலவசமா கிடைக்குது. ல் மேல இருக்கிற புள்ளியை சிக்னல் விளக்கா ஆக்கிட்டேன்.

என்ன நிறம்? பச்சைன்னு நான். 2002ல இந்திய ரயில்வேக்கு அடையாளச் சின்னமா வந்த போலுங்கிற யானை கையில கூட பச்சை விளக்குதான். ஆனா பச்சைன்னா போகலாம்ங்கிறதே பின்னாடி வந்த வழக்கம், 19ஆம் நூற்றாண்டுல பல ரயில்வேல வெள்ளைதான் போகலாம், பச்சை எச்சரிக்கை. சிவப்புக் கண்ணாடி உடைஞ்சா உள்ள இருக்கிற வெள்ளை வெளிச்சம் தெரியும், நிக்கச் சொல்ற சிக்னல் போகச் சொல்லும். அதனாலதான் மாத்தினாங்க. நிறக்குருடு இருக்கிற உறுப்பினர் ஒருத்தர் எனக்கு சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும்னு எழுதினாரு, அதுவும் ரயில் சரித்திரத்துக்குள்ளயே இருக்கிற விஷயம், ஸ்வீடன்ல 1875ல லாகர்லுண்டாவுல நடந்த விபத்துக்கு அப்புறம்தான் ஹோல்ம்கிரென்ங்கிறவரு கலர் கம்பளி நூல்களைப் பிரிக்கச் சொல்லி ரயில் ஊழியர்கள் கண்ணைச் சோதிக்கிற முறையைக் கொண்டுவந்தாரு. அதனால நிறம் இல்லாமலும் விளக்கு விளக்கா தெரியணும்னு புள்ளியைச் சாதாரணத்தைவிடப் பெருசாக்கி மேல ஒரு சின்ன குல்லா வச்சேன். அப்பவும் ஒருத்தர், சிவப்புதானே மேல இருக்கணும்னாரு. அது ரோடு சிக்னல். கலர் விளக்கு சிக்னல்ல பல ரயில்வேல பச்சை மேல, சிவப்பு கீழ, டிரைவர் கண்ணுக்குப் பக்கத்துல. புள்ளி எழுத்துக்கு மேலதானே வருது, அப்ப பச்சைதான். இதை நான் சொல்லல, இன்னொருத்தர் எனக்காகச் சொன்னாரு, அந்த நிமிஷம் லோகோ என் கையை விட்டு அவங்க கைக்குப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்.

போட்டாச்சு. எல்லாரும் படத்தை மாத்திக்கிட்டாங்க. ரெண்டு நாள் அமைதி, நான் இவ்வளவு அமைதியைப் பார்த்ததே இல்ல. மூணாவது நாள் ஒருத்தர் ஃபைலை இறக்கி அளந்துட்டு வந்தாரு. "அண்ணே, லோகோவோட கேஜ் என்ன?" கேஜா? ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைத்தான் கேக்குறாரு. "தண்டவாளத் தலை அகலம் 20 யூனிட் வச்சிருக்கீங்க, ரெண்டு தண்டவாளத்துக்கும் உள் இடைவெளி 106. மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளத்துக்கு தலை 72 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா 381.6 மில்லிமீட்டர் வருது." அது பிராட் கேஜும் இல்ல, மீட்டர் கேஜும் இல்ல, ஸ்டாண்டர்ட் கேஜுக்கு கிட்டவும் இல்ல. ஆனா 381, அதாவது 15 இஞ்ச், நிஜமான கேஜ். இங்கிலாந்துல ராம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில் 1927லேர்ந்து அதுலதான் ஓடுது, மனுஷங்க ஏறிப் போற குட்டி ரயில். வட்டத்துக்குள்ள அடங்கணும்னு நான் நசுக்கினதுல, உலகத்துல நிஜமா இருக்கிற ஒரு ரயில்வேயோட கேஜ் தற்செயலா வந்து உக்காந்துடுச்சு. குழு மொத்தத்துக்கும் தலைகால் புரியல. அவரு மட்டும் சந்தோஷப்படல. "0.6 அதிகம் இருக்குண்ணே"ன்னாரு.

ஃபைல்ல இப்ப இடைவெளி 105.83 யூனிட்.